தமிழ்நாடு அரசு ஊழியர் வேலைநிறுத்தம், 2003

தமிழ்நாடு அரசு ஊழியர் வேலைநிறுத்தம், 2003 என்பது தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஓய்வூதியம், விடுப்பு ஊதியம் உள்ளிட்ட பயன்கள் குறைக்கப்பட்டதை எதிர்த்து 2003 ஜூலை 2 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் ஆகும். முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா தலைமையிலான அரசு ஜூலை 4 அன்று ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்து, ஏறத்தாழ 1.7 இலட்சம் பேரை விசாரணையின்றிப் பணியிலிருந்து நீக்கியது. இந்திய வரலாற்றில் ஓர் அரசு இத்தனை பேரை ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்ததற்கு வேறு எடுத்துக்காட்டைக் காண்பது கடினம். இதையொட்டி எழுந்த வழக்கில் 2003 ஆகஸ்ட் 6 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை எனக் கூறியது. டி. கே. ரங்கராஜன் எதிர் தமிழ்நாடு அரசு என்று அறியப்படும் இத்தீர்ப்பு வேலைநிறுத்தம் பற்றிய வழக்குகளில் பின்னரும் மேற்கோள் காட்டப்பட்டு வருகிறது.

பின்னணி

2001 மே மாதத் தேர்தலில் அ.தி.மு.க. 234 இடங்களில் 132 இடங்களை வென்று ஆட்சிக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நிதியமைச்சர் சி. பொன்னையன் மாநில நிதிநிலை குறித்து வெள்ளை அறிக்கை வெளியிட்டார். ஐந்தாவது ஊதியக் குழுவை ஒட்டி 1990களின் இறுதியில் உயர்த்தப்பட்ட ஊதியங்களும், ஆண்டுதோறும் கூடிவந்த ஓய்வூதியச் செலவும், கடனுக்கான வட்டியும் வருவாயை விழுங்குவதாக அரசு கூறியது. முந்தைய தி.மு.க. ஆட்சியே இந்நிலைக்குக் காரணம் என்றும் குற்றம் சாட்டியது.

இந்தச் சிக்கல் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அக்காலத்தில் பெரும்பாலான இந்திய மாநிலங்கள் வருவாய்ப் பற்றாக்குறையில் இருந்தன. ஊதியச் செலவை வரி வருவாயின் விழுக்காடாகச் சொல்லும் வழக்கம் அரசு விளம்பரங்களில் அப்போது பரவலாக இருந்தது. இவ்வகைக் கணக்கைப் படிக்கும்போது எந்த வருவாய் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மாநிலத்தின் சொந்த வரி வருவாயை மட்டும் எடுத்துக்கொண்டால் ஊதியத்தின் பங்கு மிகப் பெரியதாகத் தெரியும். மத்திய அரசிடமிருந்து வரும் வரிப் பங்கையும் மானியங்களையும் சேர்த்தால் அதே தொகை கணிசமாகச் சிறியதாகத் தெரியும். மேலும் மாநில அரசின் ஊதியப் பட்டியலில் பெரும்பகுதி ஆசிரியர், செவிலியர், காவலர் போன்றோருக்கு உரியது. ஊதியச் செலவு ஒரு பக்கம், மக்கள் நலச் செலவு மறுபக்கம் என்று பிரித்துக் காட்டுவது இதனால் முழுமையான படமாகாது.

சிக்கன நடவடிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2001 நவம்பரில் புதிய பணியமர்த்தலுக்குத் தடை விதிக்கும் அரசாணை வெளியானது. இத்தடை 2006 பிப்ரவரி வரை நீடித்தது. அதே நவம்பரில் அரசுப் போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்கள் போனசு குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். 2002 செப்டம்பரில் நெடுஞ்சாலைத் துறையின் சாலைப் பணியாளர்கள் ஏறத்தாழ 10,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். குறைந்த ஊதியம் பெற்ற இவர்கள் மீண்டும் பணிக்குத் திரும்ப 41 மாதங்கள் ஆயின. 2003இன் பணிநீக்கம் நாட்டின் கவனத்தை ஈர்த்த அளவுக்கு இது ஈர்க்கவில்லை.

பொதுமக்களையும் சிக்கனம் தொட்டது. உழவர்களுக்கான இலவச மின்சாரம் நிறுத்தப்பட்டது. மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் உள்ள குடும்பங்களின் குடும்ப அட்டைகளில் 'எச்' முத்திரை இடப்பட்டு, அவர்களுக்கு நியாயவிலைக் கடை அரிசி மறுக்கப்பட்டது. அனைவருக்குமான பொது விநியோகம் என்பதே தமிழ்நாட்டின் தனித்தன்மையாக இருந்ததால், இந்த முத்திரை ஊதியக் குறைப்பைவிட அதிகமான வீடுகளைத் தொட்டது. 2003 மே மாதத்தில் நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் இயற்றப்பட்டு, பற்றாக்குறையைக் குறைப்பது சட்டப்படியான கடமையாக்கப்பட்டது.

குறைக்கப்பட்ட பயன்கள்

ஊழியர் சங்கங்களின் எதிர்ப்புக்குரிய முதன்மையான குறைப்புகளுள் ஒன்று, ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பணமாகப் பெறும் வசதி நிறுத்தப்பட்டது. சரண்டர் என்று அலுவலகங்களில் வழங்கும் இத்தொகை, பள்ளிக் கட்டணம் கட்டும் மாதங்களில் பல குடும்பங்கள் நம்பியிருந்த ஒன்றாகும்.

மற்றொன்று ஓய்வூதியத்தைத் தொகுத்துப் பெறுதல் பற்றியது. ஓய்வு பெறுபவர் தம் மாத ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக மொத்தமாக ஒரு தொகையை முன்கூட்டியே பெறலாம். இவ்வாறு விட்டுக்கொடுக்கக்கூடிய உச்ச அளவு 40 விழுக்காட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. மாத ஓய்வூதியம் 6,000 ரூபாய் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். முன்பு அவர் 2,400 ரூபாய்க்கு உரிய மொத்தத் தொகையைப் பெற்றிருப்பார்; குறைப்புக்குப் பின் 2,000 ரூபாய்க்கு உரியதை மட்டுமே பெற முடியும். அதாவது கைக்கு வரும் தொகை ஆறில் ஒரு பங்கு குறைகிறது. மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் அந்த அளவுக்குக் கூடுதலாக இருக்கும் என்பதால் இதனை முழு இழப்பு என்று கூற முடியாது. ஆனால் மகள் திருமணத்தையோ வீட்டுக் கடனையோ அந்தத் தொகையைக் கணக்கிட்டு முடிவு செய்திருந்தவர், ஓய்வுக்குச் சில மாதங்கள் முன்பு கணக்கு மாறியதைக் கண்டார். பணியில் சேரும்போது கூறப்பட்ட விதியைப் பணியின் இறுதியில் மாற்றலாமா என்பதே சங்கங்களின் அடிப்படைக் கேள்வியாக இருந்தது.

இக்குறைப்புகள் அனைத்தும் அரசாணைகள் மூலம் செய்யப்பட்டவை. பணி விதிகளை மாற்ற அரசியலமைப்பின் 309ஆவது பிரிவு ஆளுநருக்கு, அதாவது நடைமுறையில் அமைச்சரவைக்கு, அதிகாரம் அளிக்கிறது. ஆகையால் இவற்றைச் சட்டமன்றத்தில் மசோதாவாக வைத்து வாக்கெடுப்பு நடத்த வேண்டிய தேவை எழவில்லை.

டெஸ்மா சட்டம்

தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம் 2002இல் இயற்றப்பட்டது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இது டெஸ்மா என்று வழங்கப்படுகிறது. இதன் முன்மாதிரி மத்திய அரசின் எஸ்மா சட்டமாகும். 1960இல் மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தின்போது அவசரச் சட்டமாகவும், 1968 செப்டம்பர் வேலைநிறுத்தத்தின்போது அவசரச் சட்டமாகத் தொடங்கிப் பின் நாடாளுமன்றச் சட்டமாகவும், 1981இல் மீண்டும் புதிய சட்டமாகவும் இவ்வகை விதிகள் வந்துள்ளன.

இச்சட்டங்களின் பொதுவான இயங்குமுறை எளிது. அரசு ஒரு பணியை அத்தியாவசியப் பணி என்று அறிவிக்கும். அதன்பின் அப்பணியில் வேலைநிறுத்தம் செய்வதும், தூண்டுவதும், நிதி உதவுவதும் குற்றமாகும். மருத்துவமனையையும் குடிநீரையும் அத்தியாவசியம் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. கோப்பு எழுதும் எழுத்தரும் பள்ளி ஆசிரியரும் அதே பட்டியலில் வரலாமா என்பதுதான் சிக்கலான கேள்வி. உயிர், பாதுகாப்பு, உடல்நலம் ஆகியவற்றுக்கு நேரடி ஆபத்து விளைவிக்கும் பணிகளையே இச்சொல் குறிக்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் நெடுநாளைய நிலைப்பாடு. கல்வித்துறை அந்த வரையறைக்குள் வராது. இந்தியா அவ்வமைப்பின் தொடக்க கால உறுப்பினர் எனினும், சங்கம் அமைக்கும் உரிமை பற்றிய 87, 98ஆம் உடன்படிக்கைகளை ஏற்புறுதி செய்யவில்லை.

வேலைநிறுத்தமும் பணிநீக்கமும்

ஜாக்டோ-ஜியோ, கோட்டா-ஜியோ என்னும் இரு கூட்டமைப்புகள் வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தன. முன்னது ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டு நடவடிக்கைக் குழு. வெவ்வேறு அரசியல் சார்புள்ள சங்கங்கள் ஒரே கோரிக்கையில் இணைந்திருந்தன. வேலைநிறுத்தம் தொடங்கும் முன்பே, ஜூன் இறுதியில் இரவோடு இரவாகச் சங்கத் தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். பேச்சுவார்த்தைக்கு உரியவர்கள் சிறையில் இருந்த நிலையில் ஜூலை 2 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது.

சென்னையில் இதன் விளைவு தலைமைச் செயலகம், சேப்பாக்கம் எழிலகம், தேனாம்பேட்டை மருத்துவப் பணிகள் இயக்கக வளாகம், நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையின் பள்ளிக்கல்வி வளாகம் ஆகிய அலுவலகங்களில் உணரப்பட்டது. பட்டினப்பாக்கம், இராயப்பேட்டை லாயிட்ஸ் காலனி, சைதாப்பேட்டை தாடண்டர் நகர் ஆகிய இடங்களின் அரசுக் குடியிருப்புகளில் வசித்தவர்களுக்கு வேலை போவது என்பது வீடும் போவதைக் குறிக்கும்.

ஜூலை 4 அன்று டெஸ்மா சட்டத்தைத் திருத்தும் அவசரச் சட்டம் வெளியானது. இதன் மையம் புதிதாகச் சேர்க்கப்பட்ட 7-அ பிரிவு. வேலைநிறுத்தத்தில் ஈடுபட்ட ஊழியர் பணிநீக்கம் செய்யப்பட்டவராகக் கருதப்படுவார் என்பது அதன் சாரம். 'கருதப்படுவார்' என்ற சொல் இங்கு முக்கியமானது. அரசியலமைப்பின் 311(2)ஆவது பிரிவின்படி, குற்றச்சாட்டைத் தெரிவித்து, பதிலளிக்க வாய்ப்பளித்து, விசாரணை நடத்தாமல் அரசு ஊழியர் ஒருவரைப் பணிநீக்கம் செய்ய முடியாது. விசாரணை நடைமுறையில் இயலாதபோது அதனைத் தவிர்க்க அப்பிரிவே விதிவிலக்கும் அளிக்கிறது. ஆனால் அதற்கான காரணத்தை அதிகாரி எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். அவசரச் சட்டமோ, நீக்கம் தானாகவே நிகழ்ந்துவிட்டதாக வைத்துக்கொண்டது. அன்று மருத்துவ விடுப்பில் இருந்தவர், பேருந்து கிடைக்காமல் வராதவர், அச்சத்தால் வராதவர் ஆகியோரை வேலைநிறுத்தம் செய்தவரிடமிருந்து பிரித்தறியும் கட்டம் விசாரணைதான். அக்கட்டமே நீக்கப்பட்டது.

சட்டமன்றம் கூடாத காலத்தில் அவசரச் சட்டம் பிறப்பிக்க 213ஆவது பிரிவு ஆளுநருக்கு அதிகாரம் தருகிறது. அவை மீண்டும் கூடும்போது அது அவை முன் வைக்கப்பட வேண்டும். கூடிய நாளிலிருந்து ஆறு வாரங்களில் அது காலாவதியாகும். இதனால் இலட்சக்கணக்கானோரின் வேலையைப் பறித்த விதி, நடைமுறைக்கு வரும் முன் அவையில் ஒரு மணி நேரமேனும் விவாதிக்கப்படவில்லை. ஆளும் கட்சிக்குத் தெளிவான பெரும்பான்மை இருந்ததால் முடிவு மாறியிருக்காது என்று வாதிடலாம். எனினும் யாருக்கு விதிவிலக்கு, பட்டியலை யார் தயாரிப்பது, தவறாகச் சேர்க்கப்பட்டவர் யாரிடம் முறையிடுவது போன்ற கேள்விகள் அவையில் எழும்போதுதான் பதிவாகின்றன.

பணிக்குத் திரும்பாதவர்களின் இடங்களில் வேலையற்ற இளைஞர்கள் தொகுப்பூதியத்தில் தற்காலிகமாக அமர்த்தப்பட்டனர். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாகப் பணியமர்த்தல் தடை இருந்த மாநிலத்தில் இதற்கு வரிசையில் நிற்க ஆள் பஞ்சம் இருக்கவில்லை. பொதுமக்களின் கருத்தும் பிளவுபட்டிருந்தது. ஜூலை என்பது கல்லூரிச் சேர்க்கை மாதம். சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் தேவைப்பட்ட குடும்பங்கள் வட்டாட்சியர் அலுவலக வாசலில் காத்திருந்தன. கையூட்டையும் அலைக்கழிப்பையும் அனுபவித்திருந்த பலர் அரசின் கடுமையை வரவேற்றனர். ஊழியர் சங்கங்கள் தங்கள் கோரிக்கையைப் பொதுமக்களிடம் எடுத்துச் சென்ற அளவு போதாது என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. 'எச்' முத்திரையால் அரிசி இழந்த குடும்பத்துக்கும் சரண்டர் இழந்த எழுத்தருக்கும் எதிரே நின்றது ஒரே கொள்கைதான் என்பது அந்த ஜூலையில் பலருக்குத் தென்படவில்லை.

நீதிமன்றங்களில்

பணிநீக்கத்தை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனுக்கள் தாக்கலாயின. தனி நீதிபதி இடைக்கால ஆணை வழங்கினார். அரசின் மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் ஆயம் ஜூலை 11 அன்று அந்த ஆணையை நீக்கியது. அரசு ஊழியர்கள் முதலில் மாநில நிர்வாகத் தீர்ப்பாயத்தையே அணுக வேண்டும் என்பது ஆயம் கூறிய காரணம். 1997இல் எல். சந்திரகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இதற்கு அடிப்படை. சட்டப்படி இது பொருந்தும் வாதம்தான். ஆனால் மிகச் சில உறுப்பினர்களைக் கொண்ட ஒரு தீர்ப்பாயம் 1.7 இலட்சம் வழக்குகளை எத்தனை ஆண்டுகளில் முடிக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால், தீர்வு வழி இருந்தும் இல்லாத நிலையே எஞ்சுகிறது.

மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியையும் சி.ஐ.டி.யு. தொழிற்சங்கத்தையும் சேர்ந்த டி. கே. ரங்கராஜனும் மற்றவர்களும் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். நீதிபதிகள் எம். பி. ஷா, ஏ. ஆர். லட்சுமணன் ஆகியோர் வழக்கை விசாரித்தனர். விசாரணையின் போக்கில் நீதிமன்றத்தின் வலியுறுத்தலால் அரசு இறங்கிவந்தது. நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதமும், வேலைநிறுத்தத்தைத் தடை செய்யும் 1973ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகளின் 22ஆவது விதிக்குக் கட்டுப்படுவதாக உறுதிமொழியும் எழுதித் தருபவர்களை மீண்டும் பணியில் சேர்க்க அரசு ஒப்புக்கொண்டது. கைதானவர்கள், வழக்குப் பதிவானவர்கள் என்று ஏறத்தாழ 6,000 பேர் இதிலிருந்து விலக்கப்பட்டனர். அவர்களின் முறையீடுகளை ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதிகள் மூவர் ஆராய்வதென முடிவாயிற்று.

ஆகஸ்ட் 6 தீர்ப்பு இரு திசைகளில் செல்கிறது. ஒருபுறம், அரசின் செயல் முன்னெப்போதும் இல்லாதது என்று அது குறிப்பிடுகிறது. இத்தகைய அசாதாரணச் சூழலில் உயர் நீதிமன்றம் தானே தலையிட்டிருக்கலாம் என்றும் கூறுகிறது. மறுபுறம், வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, அறவழிப்பட்ட உரிமையும் இல்லை என்று மூன்று படிகளில் அறிவிக்கிறது.

முதல் இரண்டு படிகளுக்கும் முன்னுதாரணம் இருந்தது. சங்கம் அமைக்கும் உரிமையைத் தரும் 19(1)(இ) பிரிவில் வேலைநிறுத்த உரிமை அடங்காது என்று வங்கி ஊழியர் சங்க வழக்கிலும், ஆர்ப்பாட்டம் செய்ய உரிமை உண்டு, வேலைநிறுத்தத்துக்கு இல்லை என்று காமேஷ்வர் பிரசாத் வழக்கிலும் 1961, 1962ஆம் ஆண்டுகளிலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. மூன்றாவது படிதான் புதியது. வேலைக்காகப் பல தகுதியுடையோர் காத்திருக்கும் சமூகத்தில் வேலைநிறுத்தத்தை நியாயப்படுத்த முடியாது என்பது தீர்ப்பின் வாதங்களுள் ஒன்று. வேலையின்மையைச் சட்ட வாதமாக்கும் இந்தப் பகுதியே அதிகம் விமர்சிக்கப்பட்டது. 1989இல் பி. ஆர். சிங் வழக்கில் அதே நீதிமன்றம் வேலைநிறுத்தத்தைத் தொழிலாளரின் முக்கியமான கருவியாக ஏற்றுப் பேசியிருந்தது.

தீர்ப்பு தொடாமல் விட்ட பொருள் ஒன்றும் உண்டு. பெரும்பாலோர் பணிக்குத் திரும்பிவிட்டதால் அவசரச் சட்டம் அரசியலமைப்புக்கு உட்பட்டதா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யவில்லை. விசாரணையின்றி ஒரு சட்ட வாசகத்தால் இலட்சம் பேரை நீக்க முடியுமா என்ற, இவ்வழக்கின் மூலக் கேள்விக்கு இதனால் விடை கிடைக்கவில்லை. கேட்கப்படாத பொதுக் கேள்விக்கு விரிவான விடை கிடைத்தது.

தொழிற்சாலைத் தொழிலாளர்களின் நிலை இதிலிருந்து வேறு என்பதையும் குறிப்பிட வேண்டும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்ட வேலைநிறுத்தத்தைச் சட்டபூர்வமானதாகவே கொண்டிருந்தது. ஆயினும் தீர்ப்பின் பரந்த வாசகங்கள் எல்லாத் தொழிலாளர்களையும் பாதிக்கும் என்று அஞ்சிய மத்தியத் தொழிற்சங்கங்கள் 2004 பிப்ரவரி 24 அன்று நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடத்தின.

சென்னையின் முந்தைய வழக்கு

சென்னை உயர் நீதிமன்றமும் வேலைநிறுத்தமும் சந்தித்தது இது முதல் முறையன்று. அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்தவரும் அன்னி பெசன்ட்டின் உடன் பணியாற்றியவருமான பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. திரு. வி. கலியாணசுந்தரனாரும் இதில் முன்னின்றார். பெரம்பூர் பின்னி ஆலைகளில் எழுந்த மோதலில், ஒப்பந்தத்தை மீறுமாறு தொழிலாளரைத் தூண்டியதாக நிறுவனம் வாடியா முதலியோர் மீது வழக்குத் தொடுத்தது. உயர் நீதிமன்றம் தடையாணை வழங்கியது. சங்கம் நடத்துவதே இழப்பீட்டுக்குரிய குற்றமாகிவிடும் நிலை ஏற்பட்டது. இதன் விளைவாக 1921இல் மத்தியச் சட்டமன்றத்தில் என். எம். ஜோஷி தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கோரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். விவாதங்களுக்குப் பின் 1926இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. நீதிமன்ற ஆணை ஒன்று அவைக்குச் சென்று சட்டமாகத் திரும்பிய அந்த வழி 2003இல் திறக்கவில்லை.

பிற நாடுகளில்

ஒப்பீட்டுக்கு அடிக்கடி காட்டப்படுவது அமெரிக்க நிகழ்வு. 1981 ஆகஸ்ட் 5 அன்று குடியரசுத் தலைவர் ரொனால்ட் ரேகன், வேலைநிறுத்தத்தில் இருந்த 11,000க்கும் மேற்பட்ட வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களைப் பணிநீக்கம் செய்தார். எண்ணிக்கையில் தமிழ்நாட்டு நிகழ்வு அதைப் போல ஏறத்தாழ 15 மடங்கு. செருமனியில் நிரந்தர அரசு அலுவலர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை. 2023இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் இதனை ஏற்றது. ஆனால் அங்கு அதற்கு ஈடாக, வாழ்நாள் வேலை உறுதியும் தகுந்த ஊதியத்துக்கான அரசியலமைப்பு உரிமையும் உண்டு. ஊதியம் குறைவு என்று அலுவலர் நீதிமன்றம் செல்லலாம். வேலைநிறுத்தத்தை மறுக்கும் இந்திய விதிகளில் அத்தகைய ஈடு இல்லை.

தலைமைச் செயலகத் திட்டங்கள்

அரசின் சிக்கன வாதத்துக்கு எதிராக அக்காலத்தில் அடிக்கடி சுட்டிக்காட்டப்பட்டது புதிய தலைமைச் செயலகத் திட்டமாகும். 2003 ஏப்ரலில், மயிலாப்பூர் கடற்கரையோரம் உள்ள ராணி மேரிக் கல்லூரி இருந்த இடத்தில் புதிய செயலகம் கட்ட அரசு முடிவு செய்தது. 1914இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரி சென்னையின் முதல் மகளிர் கல்லூரி. மாணவியர் வளாகத்திலேயே அமர்ந்து போராடினர். அவர்களுக்கு ஆதரவளிக்கச் சென்ற மு. க. ஸ்டாலின் கைது செய்யப்பட்டார். அத்திட்டம் கைவிடப்பட்டு, அடையாற்றங்கரையில் கோட்டூர்புரத்தில் அண்ணா பல்கலைக்கழக நிலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கும் செயலகம் எழவில்லை. கட்டுமானச் செலவும் ஊதியச் செலவும் கணக்கில் வெவ்வேறு வகையானவை என்ற பதில் கணக்கியல்படி சரியானது. ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் இடையே மூன்று மாதமே இருந்ததால் கேட்பவர்களுக்கு அது எடுபடவில்லை.

தேர்தலும் அதன் பின்னும்

2004 மே மாத மக்களவைத் தேர்தலில் தி.மு.க. தலைமையிலான கூட்டணி தமிழ்நாட்டின் 39 இடங்களையும் வென்றது. மயிலாப்பூர், தியாகராய நகர் ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய தென்சென்னையில் டி. ஆர். பாலு வெற்றி பெற்றார். தோல்விக்குக் கூட்டணிக் கணக்கே முதன்மைக் காரணம்; எனினும் அரசு ஊழியர் குடும்பங்களின் கோபமும் ஒரு காரணமாகப் பரவலாகக் கொள்ளப்பட்டது. முடிவுகள் வந்த சில நாள்களிலேயே, மே 18 அன்று, ஜெயலலிதா தம் அரசின் பல முடிவுகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். உழவர்களுக்கு இலவச மின்சாரம் திரும்பியது. 'எச்' முத்திரை நீங்கியது. வேலைநிறுத்தம் தொடர்பான ஒழுங்கு நடவடிக்கைகள் கைவிடப்பட்டன. சாலைப் பணியாளர்கள் 2006 பிப்ரவரியில் பணிக்குத் திரும்பினர்.

அவையில் தொழிலாளர் சட்டங்கள் விவாதிக்கப்பட்ட பின்னைய நிகழ்வுகள் இரண்டு இங்குக் குறிப்பிடத்தக்கவை. 2020 செப்டம்பரில் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் எதிர்க்கட்சிகள் புறக்கணித்த நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த இது, அனைத்துத் தொழில் நிறுவனங்களிலும் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்குகிறது. பாதி ஊழியர்கள் ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுப்பதையும் வேலைநிறுத்தமாகக் கொள்கிறது. மற்றொன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவகுத்து 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறிய தொழிற்சாலைகள் திருத்த மசோதா. ஆளும் தி.மு.க.வின் தோழமைக் கட்சிகளே அவையில் எதிர்த்து வெளியேறின. மூன்று நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டு, மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது.

பங்களிப்பு ஓய்வூதியம்

2003இன் முடிவுகளில் பின்னர் வந்த அரசுகளாலும் எளிதில் மாற்ற முடியாமற்போனது ஒன்று உண்டு. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வெளியான அதே 2003 ஆகஸ்ட் 6 அன்று, நிதித்துறை 259ஆம் எண் அரசாணையை வெளியிட்டது. இதன்படி, 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. அதற்கு மாற்றாக ஊழியரும் அரசும் பங்களிக்கும் ஓய்வூதியத் திட்டம் வந்தது. பணியமர்த்தல் தடை இருந்ததால் அன்று இதனால் பாதிக்கப்பட்டவர்கள் மிகச் சிலரே. எதிர்த்துப் போராட வேண்டியவர்களில் பெரும்பாலோர் அப்போது பள்ளியிலோ கல்லூரியிலோ படித்துக்கொண்டிருந்தனர்.

தடை நீங்கிப் பணியமர்த்தல் தொடர்ந்தபோது அவர்களின் எண்ணிக்கை இலட்சங்களானது. 2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ நடத்திய வேலைநிறுத்தத்தின் முதன்மைக் கோரிக்கை பழைய ஓய்வூதியம். 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. அதனை வாக்குறுதியாக அளித்தது; 2025 பிப்ரவரியில் அரசு இது குறித்து ஆராய மூவர் குழு அமைத்தது. 2003 மார்ச் 31 அன்று பணியில் சேர்ந்த எழுத்தருக்கும் மறுநாள் சேர்ந்த எழுத்தருக்கும் ஊதியமும் வேலையும் ஒன்றே. முன்னவருக்குக் கடைசி ஊதியத்தை அடிப்படையாகக் கொண்ட ஓய்வூதியம்; பின்னவருக்கு அந்த அரசாணை விதித்த கணக்கு என்றே 2025 வரை இருந்தது.